ஸ்டென்ட் வைத்த அப்பாவும் இலங்கைக் கடற்கரையும்

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 42. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கித் தருகிறேன்.

பிள்ளைகளின் கோடை விடுமுறையில், மே இரண்டாம் வாரம், குடும்பமாக எட்டுப் பேர் ஆறு நாள் இலங்கைக்குப் போவதாகத் திட்டம். அப்பாவுக்கு 69 வயது, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். 18 வருடமாகச் சர்க்கரை, இரவில் இன்சுலின். போன டிசம்பரில் நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிக்குழாய் இரண்டு வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. பையனுக்கு 13, பெண்ணுக்கு 6. தம்பியும் அவர் மனைவியும் கூட வருகிறார்கள்.

சண்டை எந்தக் கடற்கரை என்பதில். தம்பி மிரிஸ்ஸ என்கிறார், அங்கே ஒரு விடுதிக்கு 20,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். கணவர் பெந்தோட்டை என்கிறார், ஏதாவது ஆனால் கொழும்பு ஆஸ்பத்திரிகள் பக்கம். பையனுக்கு அறுகம்பேயில் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ள ஆசை. அப்பாவைக் கேட்டால் "உங்க இஷ்டம்மா" என்கிறார். ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது, "திருகோணமலை அங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டாராம். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் இலங்கையில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அம்மா, கடலில் குளித்தால் உப்பு ஏறிப் பிரஷர் கூடும், அலை அடித்தால் ஸ்டென்ட் நகர்ந்துவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறார். கடிதத்தின் முடிவில் இரண்டு கேள்விகள்: "டாக்டர், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, அல்லது ஆறு நாள்தானே என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா? கூட்டிப் போனால் எந்தக் கடற்கரை?"

சகோதரி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். இரவில் இன்சுலின் போடும் ஒருவர், 69 வயதில், ஐந்து ராத்திரி தனியாகப் படுத்திருப்பது எனக்குப் பாதுகாப்பாகத் தெரியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறினால் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட ஆள் வேண்டும். அந்த ஆள் எட்டுப் பேரில் ஒருவராக உங்கள் பக்கத்து அறையில் இருக்கட்டும்.

ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்பு அவரை அவருடைய இதய மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப் போங்கள். டிசம்பரில் வந்தது மாரடைப்பா, அல்லது அடைப்பு இருக்கிறது என்று கண்டு முன்கூட்டியே வைத்த ஸ்டென்டா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எக்கோ ஸ்கேனில் இதயம் எவ்வளவு நன்றாகச் சுருங்கி விரிகிறது, வேறு ரத்தக்குழாயில் மிச்ச அடைப்பு உண்டா என்பதும் தெரிய வேண்டும். இவை சரியாக இருந்து, அவர் சாதாரண நடையில் இரண்டு மாடி ஏறி நெஞ்சு அடைக்காமல், மூச்சு வாங்காமல் நின்றால், ஐந்து மாதம் கழித்து ஒன்றரை மணி நேர விமானப் பயணம் அவருக்குப் பெரிய விஷயம் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் இரண்டும் தவறு. தோல் வழியாக உப்பு உடம்புக்குள் ஏறாது, பிரஷரைக் கூட்டுவது சாப்பிடும் உப்பு. ஸ்டென்டைப் பலூனால் விரித்து ரத்தக்குழாயின் சுவரோடு அழுத்திப் பதித்திருக்கிறார்கள். சில மாதங்களில் அதன் மேல் உட்தோல் படர்ந்துவிடும். அலை அடித்தாலும், அவர் தும்மினாலும், வேன் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அது நகராது. விமான நிலையச் சோதனை வாசலில் மணி அடிக்குமோ என்று அப்பா பயப்பட்டால், அதற்கும் அவசியம் இல்லை என்று சொல்லுங்கள். ஸ்டென்டை நிஜமாகவே ஆபத்தாக்குவது ஒன்றுதான்: ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை ஊர் சுற்றும் அவசரத்தில் விட்டுவிடுவது.

முதலில் மாதம், அப்புறம் கரை

நீங்கள் நான்கு பேரும் கடற்கரையின் பெயரைச் சொல்லிச் சண்டை போடுகிறீர்கள். இலங்கையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த மாதம் என்பது. சின்னத் தீவுதான், ஆனால் இரண்டு பருவக்காற்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளில் மோதும். அப்போது பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் கொந்தளிப்பாக இருக்கும், சிவப்புக் கொடி பறக்கும் நாட்கள் அதிகம். அதே மாதங்களில் கிழக்குக் கரையில், திருகோணமலையிலிருந்து பாசிக்குடா வழியாக அறுகம்பே வரைக்கும், மழை குறைவு. வடகிழக்குப் பருவக்காற்று வரும்போது எல்லாம் தலைகீழாக மாறும். தெற்கு அமைதியாகும், கிழக்கில் மழை கொட்டும்.

சென்னைக்காரர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். நமக்கு மே என்றால் கத்திரி வெயில், மழைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லாத மாதம். அதனால் இலங்கையிலும் எல்லாக் கரையும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சுலபமான வழி: திருகோணமலைக்கும் சென்னைக்கும் பெருமழைக் காலம் ஒன்றுதான். இரண்டும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்கள். கேரளத்தில் மழை தொடங்கும் சமயம்தான் பெந்தோட்டையிலும் மிரிஸ்ஸவிலும் மழைக்காலம். 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் மே மாதத்தில்தான் இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் பெரிய வெள்ளமும் மண்சரிவும் வந்தன. ஒவ்வொரு மே மாதமும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் இதய நோயாளியோடும் ஆறு வயதுக் குழந்தையோடும் போகிறவர்கள் அந்த மாதத்தில் அந்தக் கரையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை.

உங்கள் தம்பி மிரிஸ்ஸவைக் காணொளிகளில் பார்த்து ஆசைப்பட்டிருப்பார். அந்தத் தென்னைமரக் குன்றும் நீலக் கடலும் உண்மைதான், ஆனால் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரையில். திமிங்கலம் பார்க்கப் படகில் போவதும் அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். கட்டிய 20,000 ரூபாய்க்காக மே மாதத்தில் அங்கே போய் அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கேட்காமல் தேதியை ஜனவரிக்கு மாற்றித் தர முடியுமா என்று விடுதிக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிப்பவர்கள் உண்டு. தம்பியும் மனைவியும் பொங்கல் விடுமுறையில் தனியாகப் போய் வரட்டும்.

தென்மேற்குக் கரை வேண்டாம் என்பதற்கு மருத்துவராக எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: டெங்கு. கொழும்பைச் சுற்றியுள்ள மேல் மாகாணத்தில் அது ஏறும் மாதங்களில் மே, ஜூன், ஜூலை முக்கியமானவை. டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். உங்கள் அப்பாவோ ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே இரண்டு மருந்து சாப்பிடுகிறார். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கிழக்கில் டெங்குவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே போனாலும் பகலில் கொசு கடிக்காமல் கைகால் மூடிய பருத்திச் சட்டை, கொசுவிரட்டிக் களிம்பு வேண்டும். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையோ ஊசியோ போடவிடாதீர்கள், மருத்துவரிடம் இலங்கை போய் வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மலேரியா பயம் வேண்டாம், 2016-லேயே இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கணக்கு

உங்கள் கணவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெந்தோட்டை கொழும்பிலிருந்து 65 கிலோமீட்டர் போலத்தான், விரைவுச் சாலையும் உண்டு. திருகோணமலை 260 கிலோமீட்டர், கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வேனில் ஆறு மணி நேரம் பிடிக்கும். இதய நோயாளிக்கு எது நல்லது என்று கேட்டால் யாரும் பெந்தோட்டை என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நெஞ்சுவலி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் வேண்டியது ஐந்து நட்சத்திர ஆஸ்பத்திரி இல்லை. ஒரு இசிஜி, அதைப் படிக்கத் தெரிந்த டாக்டர், தேவைப்பட்டால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி. அந்த ஊசியைப் போட ஆஞ்சியோ செய்யும் அறை தேவையில்லை. போட்ட பிறகு பெரிய இடத்துக்கு மாற்றலாம். ஆகவே நீங்கள் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "24 மணி நேர அவசரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி எத்தனை நிமிடத்தில்?" நிலாவெளியில் தங்கினால் திருகோணமலை மாவட்டப் பொது மருத்துவமனை 15 கிலோமீட்டர் அளவில். உப்புவெளியில் தங்கினால் இன்னும் பக்கம். பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்புப் போதனா மருத்துவமனை 35 கிலோமீட்டர் போல. அறுகம்பேக்கு இந்த அளவு பெரிய ஆஸ்பத்திரி இவ்வளவு பக்கத்தில் இல்லை.

இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். 2016-ல் இந்தியாவின் நிதியுதவியோடு தொடங்கிய சேவை அது, இன்று எல்லா மாகாணங்களிலும் ஓடுகிறது. எட்டுப் பேர் போனிலும் அந்த எண் இருக்கட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வலியில் இருக்கும் மனிதன் இங்கிலீஷில் பேச மாட்டான். "நெஞ்சுல பாறாங்கல்ல வெச்ச மாதிரி இருக்கு, இடது தோள்பட்டை இழுக்குது" என்று ஒருவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்திலேயே டாக்டருக்குப் பாதி நோய் தெரிந்துவிடும். திருகோணமலையும் மட்டக்களப்பும் தமிழ் பேசும் ஊர்கள். அங்கே உங்கள் அப்பா தன் வலியைத் தன் வார்த்தையில் சொல்லிக்கொள்ள முடியும். மொழிபெயர்த்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லாத ஐந்து நிமிடத்தில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அவசரப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆறு மணி நேர வேன் பயணத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். கொழும்பில் இறங்கி, குருநாகல் வழியாகத் தம்புள்ளை வரை போய் ஒரு ராத்திரி தங்குங்கள், கிட்டத்தட்ட பாதி வழி. மறுநாள் காலை ஹபரண வழியாகத் திருகோணமலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி எல்லோரும் ஐந்து நிமிடம் நடங்கள். அம்மாவின் முழங்காலுக்கும் அதுதான் மருந்து.

செருப்பு

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரியை நீங்கள் மூன்றாம் பக்கத்தில், அப்பாவுக்கு மறதி கூடிவிட்டது என்பதற்கு உதாரணமாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கார் நிறுத்திய இடத்தில் இடது கால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது, அது தெரியாமலே மண்டப வாசல் வரை நடந்து வந்துவிட்டார் என்று.

அது மறதி இல்லை, சகோதரி. 18 வருடச் சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. செருப்பு கழன்றது தெரியாத கால், ஆணி குத்தினாலும் சுட்டாலும் தெரியாத கால். நீங்கள் இதயத்தைப் பற்றிக் கேட்டு எழுதினீர்கள். கடற்கரைப் பயணத்தில் உங்கள் அப்பாவுக்கு அதிக ஆபத்து அந்தப் பாதத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். பெசன்ட் நகர் கடற்கரையில் மத்தியானம் இரண்டு மணிக்கு, பேரனோடு கால் நனைத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கார் வரைக்கும் நடந்திருக்கிறார். பேரன் "சுடுது தாத்தா" என்று கத்தி அழுது, அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அவருக்குச் சுடவில்லை. ராத்திரி படுக்கையில் ஈரமாக இருக்கிறதே என்று அவர் மனைவி விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆறுவதற்கு நான்கு மாதம் ஆனது, ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பேரனுக்குத் தெரிந்த சூடு தாத்தாவுக்குத் தெரியவில்லை. இதை உங்களுக்குப் பயம் காட்டச் சொல்லவில்லை, தடுக்கவே முடியாத விஷயம் இல்லை என்பதால் சொல்கிறேன்.

போவதற்கு முன் ஒரு நீரிழிவுப் பாதப் பரிசோதனை செய்துவிடுங்கள். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. பித்தவெடிப்போ புண்ணோ இருந்தால் கடலில் கால் வைக்க வேண்டாம். "உப்புத் தண்ணி புண்ணை ஆத்தும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். சர்க்கரைக்காரர்களுக்கு அது பொருந்தாது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா இனம் உண்டு. திறந்த புண் வழியாக அது நுழைந்தால், சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு ஒரே நாளில் கால் வீங்கிச் சிவந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தண்ணீருக்குள்ளும் கழற்றாமல் போடக்கூடிய, பின்பட்டை உள்ள, விரல் மூடிய ஷூ ஒரு ஜோடி வாங்குங்கள். இங்கேயே இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பழக்குங்கள், புது ஷூவே புண் உண்டாக்கும். போடும் முன் உள்ளே கையை விட்டு மணல், கல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் நீங்களோ அம்மாவோ அவர் பாதத்தை விளக்கில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. பேத்தியிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு நாள்கூட மறக்க மாட்டாள்.

இந்தக் காலை வைத்துப் பார்த்தால் கடற்கரைத் தேர்வும் தெளிவாகிறது. நிலாவெளி நீளமான மணல் கரை. காலையில் ஆறரைக்கு மணல் குளிர்ந்திருக்கும்போது அப்பா ஷூவோடு நிதானமாக நடக்கலாம். எதிரே புறாத் தீவு இருக்கிறது. 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். ஆமையும் பவளப்பாறை மீன்களும் பார்க்கலாம், பையன் சந்தோஷப்படுவான். ஆனால் அந்தத் தீவின் கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள். அப்பாவுக்கு வேண்டாம். பவளம் கிழித்த காயத்தில் அவருடைய ரத்தம் சுலபத்தில் நிற்காது, பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் போய் வரும்வரை அவரும் அம்மாவும் விடுதி நிழலில் இருக்கட்டும். இரண்டு பேருக்கும் அந்த இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

குளத்து நீச்சலும் கடலும்

பையன் நன்றாக நீந்துவான், அதனால் அவனைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குளத்தில் நீந்துவது வேறு, கடல் வேறு. அலை கரைக்குக் கொண்டு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பப் போக ஒரு வழி தேடும். மணலில் பள்ளம் விழுந்த இடத்தில் அது ஒன்றாகச் சேர்ந்து, ஆறு மாதிரி கடலுக்குள் ஓடும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரியும். விஷயம் தெரியாதவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் குழந்தையை இறக்குவார்கள். மெரினாவில் "உள்ள இழுத்துடுச்சு" என்று கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

அந்த ஓட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. நல்ல நீச்சல்காரன்கூடக் களைத்துப்போவான். மிதந்து, கையைத் தூக்கிக் கத்த வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து வெளியே வர வேண்டும். பையனை உட்கார வைத்து ஒரு தாளில் படம் போட்டு இதைச் சொல்லிக் கொடுங்கள். அறுகம்பேயில் அலைச்சறுக்கு இவனுடைய வயதுக்கும் அனுபவத்துக்கும் இப்போது வேண்டாம். ஆசையைத் தட்டிக் கழிக்காமல், மிரிஸ்ஸவுக்குப் பக்கத்தில் வெலிகமவில் ஆரம்பநிலைக்காரர்களுக்கு ஏற்ற அலை உண்டு, அது டிசம்பருக்குப் பிறகு என்று சொல்லுங்கள். மாமா மாமியோடு ஜனவரியில் அவனும் போகலாமே.

சின்னவளுக்கு பாசிக்குடாவை விட நல்ல கடல் இலங்கையில் இல்லை. பவளப்பாறை அரணாக நிற்பதால் வளைகுடாவுக்குள் அலை அதிகம் வராது. வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். ஆனாலும் அவள் ஒரு கை நீட்டித் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், போன் கையில் இல்லாமல்.

அப்பாவுக்கு இடுப்பளவு ஆழம் போதும். சாப்பிட்ட உடனே வேண்டாம், தனியாக வேண்டாம். நெஞ்சில் ஏதாவது சங்கடம் என்றால் உடனே வெளியே வந்து உட்கார்ந்து, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 1990.

பையில் என்ன வைப்பது

இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். சரக்கோடு போனால் உறைந்துவிடலாம். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனா 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை பொதுவாகத் தாங்கும். நிறுத்தி வைத்த வேனில் ஒரு மணி நேரம் தாங்காது. தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சி தரும் பைகள் மருந்துக் கடையில் கிடைக்கும். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் ஊசி நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. அதிகமாக நடக்கும் நாட்களில் சர்க்கரை இறங்கும், அதனால் அளவைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளை இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பேர் பையில் பிரித்து வையுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே புரியாது, மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆஞ்சியோ அறிக்கை, கடைசி இசிஜி இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் கிழக்குக் கரையில் மேற்கிலிருந்து வறண்ட சூட்டுக் காற்று வீசும், கச்சான் என்பார்கள். வியர்ப்பதே தெரியாமல் உடம்பில் நீர் வற்றும். அப்பா நீர் பிரியும் மாத்திரையோ, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டால் தண்ணீர் விஷயத்தில் இன்னும் கவனம். பத்து மணிக்கு மேல் நான்கு மணி வரை வெளியே வேண்டாம்.

பயண இன்சூரன்ஸ் எடுத்தால் எல்லாம் கிடைக்கும் என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோயைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை, அல்லது உயிர் ஆபத்து வரும் நிலைக்கு மட்டும் கொடுக்கும். ஸ்டென்டையும் சர்க்கரையையும் மறைக்காமல் எழுதி, அதற்கும் சேர்த்துத் தரும் பாலிசியாகப் பார்த்து வாங்குங்கள். மறைத்து வாங்கினால் தேவைப்படும் நாளில் கை விரித்துவிடுவார்கள்.

ஆக, மே மாதம்தான் என்றால் என் ஆலோசனை: தம்புள்ளையில் ஒரு ராத்திரி, நிலாவெளி அல்லது உப்புவெளியில் மூன்று ராத்திரி, திரும்பும் வழியில் மறுபடி ஒரு ராத்திரி. மகளின் சந்தோஷம்தான் முக்கியம் என்றால் பாசிக்குடா, ஆனால் கோயில் அங்கிருந்து தூரம். பெந்தோட்டைதான் வேண்டும் என்று கணவர் உறுதியாக இருந்தால் பயணத்தையே ஜனவரிக்குத் தள்ளுங்கள், அப்போது அவர் சொல்வதுதான் சரி.

கோணேசர் கோயிலுக்கு ஒரு காலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். கோட்டை வாசலைத் தாண்டி மேட்டில் ஏற வேண்டும், வழியில் புள்ளிமான்கள் திரியும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அதுவரை போகட்டும், மிச்ச ஏற்றத்தில் அப்பா நின்று நின்று நடக்கட்டும். சம்பந்தர் பதிகம் பாடிய தலம். செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும், அதனால் வெயில் ஏறும் முன் போய் வந்துவிடுங்கள். தடித்த பருத்திக் காலுறையோடு உள்ளே போகலாமா என்று கேளுங்கள், சர்க்கரைப் புண்ணுக்குப் பயந்து என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். வெளியே வந்ததும் கால் கழுவித் துடைத்து, உள்ளங்காலைப் பார்த்துவிட்டு ஷூவைப் போட்டுவிடுங்கள்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன். "உங்க இஷ்டம்மா" என்று சொன்னவரிடம் இன்னொரு முறை, வேறு யாரும் இல்லாத நேரத்தில், திருகோணமலை போகலாமா அப்பா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்றும், பாதப் பரிசோதனையில் என்ன வந்தது என்றும் எனக்கு எழுதுங்கள்.